குருமடக் கதவைத் தட்டிய தொழிலாளி



கொழும்புத்துறைக்குப் போனவர்கள் அங்குள்ள இறங்குதுறையைக் கண்டிருப்பீர்கள். நம் முன்னோர் அந்தத் துறையிலிருந்துதான் வள்ளமேறிக் கடல்நீரேரியைக் கடந்து பூநகரிப் பக்கம் போனார்கள். வள்ளம் எப்போது புறப்படும், ஓட்டி யார் என்று கரையில் நின்றவர்களிடம் விசாரித்து, மற்றவர்களோடு சேர்ந்து ஏறினார்கள். தனியே நீந்திக் கடக்க எவரும் முயலவில்லை. அப்படி முயல்வதை ஒருவரும் வீரமென்று மெச்சியிருக்கவும் மாட்டார்கள்.

அதே ஊரில் புனித பிரான்சிஸ் சவேரியார் குருமடமும் இருக்கிறது. துறையையும் குருமடத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு, அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் வாழ்ந்த ஓர் ஏழைத் தொழிலாளியின் வரலாற்றை இவ்வாரம் வாசியுங்கள். அயர்லாந்து நமக்கு அந்நிய நாடன்று. அந்நாட்டுக் குருக்கள் பலர் நம் மறைமாவட்டத்தில் பணி செய்தார்கள். அந்நாட்டின் பாதுகாவலரான புனித பத்திரிசியாரின் பெயரை நம் கல்லூரியே தாங்கி நிற்கிறது.

இந்த வரலாற்றை ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்பீர்கள். திருப்பலி முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பின்னர், கோவில் வாசலில் தயங்கி நிற்கும் ஒரு தாயை எந்தப் பங்குக் குருவும் அறிவார். அவர் கேட்பது பணமன்று. தம் கணவரோ மகனோ குடியிலிருந்து மீள, போய்ச் சேரக்கூடிய இடம் ஏதாவது உண்டா என்று தாழ்ந்த குரலில் கேட்பார். அத்தகைய தாய்மாருக்கு நாம் பெரும்பாலும் மத்தேயு டல்பொட்டின் பெயரைச் சொல்லி, செபியுங்கள் என்று அனுப்பிவிடுகிறோம். செபம் வேண்டியதுதான். ஆனால் அந்த மனிதரின் கதையில் பாதியையே நாம் தவக்காலப் பிரசங்கங்களில் சொல்லி வந்திருக்கிறோம். மற்றப் பாதியையும் சொல்லவேண்டிய கடன் நமக்கு உண்டு.

குடியின் நடுவே பிறந்தவர்

மத்தேயு டல்பொட் 1856ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் டப்ளினில் பிறந்தார். அயர்லாந்து முழுவதும் சுற்றி, இலட்சக்கணக்கான மக்களிடம் மதுவிலக்கு வாக்கு வாங்கிய கப்புச்சின் துறவி தியோபால்ட் மத்தியூ காலமானதும் அதே ஆண்டில்தான். தந்தை சாள்ஸ், தாய் எலிசபெத். பன்னிரண்டு பிள்ளைகளில் மத்தேயு இரண்டாமவர். தந்தை துறைமுகத்தில் வேலை செய்தவர், குடிகாரர். ஆண்பிள்ளைகளிலும் மூத்தவரைத் தவிர மற்றவர்கள் தந்தையின் வழியிலேயே போனார்கள்.

ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில் மத்தேயு பள்ளியை விட்டார். எழுத்தும் வாசிப்பும் சரியாகப் படியவில்லை. முதல் வேலை மதுவைப் போத்தலில் அடைத்து விற்கும் ஒரு வணிகரிடம் கிடைத்தது. போத்தலின் அடியில் எஞ்சியதைச் சுவைத்துப் பார்த்த சிறுவன், சில மாதங்களிலேயே வெறியோடு வீடு திரும்பத் தொடங்கினான். தந்தை அடித்தார். பின்னர் தாம் வேலை செய்த துறைமுகத்திலேயே, தம் கண்காணிப்பில் இருக்கட்டுமென்று வேலை வாங்கிக் கொடுத்தார். அங்கே விஸ்கிப் பண்டகசாலை இருந்தது. பியர் குடித்த சிறுவன் விஸ்கி குடிக்கும் இளைஞனானான்.

பிறகு கட்டட வேலையில் செங்கல்லும் சாந்தும் சுமந்தார். வேலையில் கெட்டிக்காரர், கூட்டாளிகளிடம் தாராளமானவர். ஆனால் வாரக் கூலி முழுவதும் தவறணைக்காரனிடமே போய்ச் சேர்ந்தது. கையில் காசில்லாதபோது காலிலிருந்த சப்பாத்தை ஈடுவைத்துக் குடித்தார். ஒருமுறை தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஓர் ஏழையின் பிடிலை மத்தேயுவும் கூட்டாளிகளும் திருடி விற்று அந்தப் பணத்தையும் குடித்தார்கள். அவ்வேழையின் வயிற்றுப்பாடு அன்றோடு என்னவாயிற்று என்று அப்போது அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. இப்படியே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன.

ஒரு சனிக்கிழமை

1884ஆம் ஆண்டு. மத்தேயுவுக்கு இருபத்தெட்டு வயது. பல நாட்களாக வேலைக்குப் போகவில்லை, கையில் காசுமில்லை. சம்பள நாளான சனிக்கிழமையன்று, தம்பி ஒருவருடன் தவறணைக்கு அண்மையில் தெருமுனையில் நின்றார். வேலை முடிந்து அவ்வழியே வந்த கூட்டாளிகள் ஒருவர் பின் ஒருவராக வணக்கம் சொல்லிப் போனார்கள். எத்தனையோ நாட்கள் இவருடைய காசில் குடித்தவர்கள்தாம். அன்று ஒருவராவது இவரை உள்ளே அழைக்கவில்லை.

அந்த அவமானம் அவரைக் குத்தியது. நேரே வீட்டுக்கு நடந்தார். அவ்வளவு நேரத்தோடு, வெறியில்லாமல் வந்த மகனைக் கண்டு தாய் வியந்தார். குடியை விடுவதாக வாக்குக் கொடுக்கப் போகிறேன் என்றார் மகன். கடவுள் பெயரால் போ, ஆனால் காப்பாற்ற மனமில்லையென்றால் வாக்குக் கொடாதே என்ற கருத்தில் தாய் பதில் சொன்னார்.

மத்தேயு எங்கே போனார் தெரியுமா? தம் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளவில்லை. குளொன்லிவ் என்ற இடத்திலிருந்த திருச்சிலுவைக் கல்லூரிக்குப் போனார். அது டப்ளின் மறைமாவட்டத்தின் குருமடம். அங்கிருந்த கீன் என்னும் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். மதுவிலக்கு வாக்கும் கொடுத்தார். எவ்வளவு காலத்துக்கு? மூன்று மாதங்களுக்கு மட்டுமே. வாழ்நாள் முழுவதும் என்று சொல்ல அவருக்குத் துணிவிருக்கவில்லை. மறுநாட் காலை கார்டினர் வீதியிலுள்ள இயேசு சபையாரின் கோவிலில் நற்கருணை வாங்கினார். அந்தக் கோவிலின் பாதுகாவலரும் புனித பிரான்சிஸ் சவேரியாரே.

நாம் சொல்லாமல் விட்ட பாதி

இதுவரையில் பலரும் அறிந்த கதை. இனி வருவதைக் கவனமாக வாசியுங்கள்.

அந்த மூன்று மாதங்கள் அவருக்கு நரகமாயிருந்தன. தவணை முடிந்ததும் மறுபடி குடிக்கப் போவதாகத் தாயிடமே சொல்லியிருக்கிறார். தாய் சண்டை பிடிக்கவில்லை, ஆறுதல் சொல்லித் தாங்கிக்கொண்டார். வேலை முடிந்ததும் பழைய கூட்டாளிகள் கூடும் தெருக்களைத் தவிர்த்து, தொலைவிலிருந்த கோவில்களுக்கு நடந்து போவதை மத்தேயு வழக்கமாக்கினார். ஒருநாள் ஆசை மேலிட்டு ஒரு தவறணைக்குள் நுழைந்தும்விட்டார். அன்று கூட்டம் அதிகம், பரிமாறுகிறவர் இவரைக் கவனிக்கவில்லை. அப்படியே வெளியேறிக் கோவிலுக்குப் போனார். அன்றிலிருந்து கையில் காசு கொண்டு நடப்பதில்லை என்று தீர்மானித்தார். தம்மைத் தாமே நம்பமுடியாது என்பதை அறிந்துகொண்டதுதான் அவருடைய ஞானத்தின் தொடக்கம்.

மூன்று மாதம் முடிந்தது. வாக்கைப் புதுப்பித்தார். மீண்டும் புதுப்பித்தார். அதன் பின்னரே வாழ்நாள் முழுவதற்குமென வாக்களித்தார்.

இந்தக் காலத்தில் அவர் தனியாக இருந்தாரா? நாம் அப்படித்தான் எண்ணிக்கொள்கிறோம். நாள்தோறும் விடியற்காலைத் திருப்பலிக்குப் போனார். அங்கே அதே முகங்களை அதே நேரத்தில் கண்டார். குளொன்லிவ் குருமடத்தில் பேராசிரியராயிருந்த மைக்கல் ஹிக்கி என்னும் குரு அவருக்கு ஆன்ம வழிகாட்டியும் நண்பருமானார். கார்டினர் வீதிக் கோவிலில் ஆண்களுக்கான மரியன்னை சபையில் சேர்ந்தார். 1890இல் பிரான்சிஸ்குவின் மூன்றாம் சபையில் உறுப்பினரானார். தட்டுத்தடுமாறி வாசிக்கக் கற்று, விளங்காத இடங்களைக் குருக்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பின்னாளில், 1898ஆம் ஆண்டில், ஜேம்ஸ் கலன் என்னும் இயேசு சபைக் குரு முழு மதுவிலக்குக்கான 'பயனியர்' சங்கத்தைத் தொடங்கியதும் அதே கார்டினர் வீதிக் கோவிலில்தான். மத்தேயுவைச் சுற்றி நாற்பத்தொரு ஆண்டுகள் ஒரு வேலி இருந்தது. அந்த வேலி மனிதர்களால் ஆனது.

பழைய கடன்களை அவர் ஒவ்வொன்றாக அடைத்தார். கடன் வைத்த தவறணைகளுக்குப் பணம் கொண்டுபோய்க் கொடுத்தார். பிடில்காரரை டப்ளின் முழுவதும் தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பணத்தை அவருடைய ஆன்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செலவிட்டார்.

1892 முதல் ஒரு மரக்காலையில் வேலை செய்தார். 1913ஆம் ஆண்டின் பெரும் தொழிற் போராட்டத்தில் தொழிலாளர் பக்கமே நின்றார். தம் தேவைக்குச் சிறிதளவு வைத்துக்கொண்டு, மிகுதியைப் பிள்ளைகுட்டிக்காரரான சக தொழிலாளருக்கும் சீன நாட்டு மறைப்பணிக்கும் கொடுத்தார். 1915இல் இறக்கும்வரை தாயைத் தம்மோடு வைத்துப் பார்த்தார். 1925ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள், திரித்துவ ஞாயிறன்று, திருப்பலிக்குப் போகும் வழியில் கிரான்பி ஒழுங்கையில் விழுந்து இறந்தார். வைத்தியசாலையில் உடலைக் கழுவியபோதே, அவர் தவமாக அணிந்திருந்த சங்கிலிகள் வெளியே தெரிய வந்தன. 1975ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

சங்கிலிகளைப் பற்றி ஒரு சொல். அவை ஆன்ம வழிகாட்டியின் அறிவோடு அவர் ஏற்ற தவம், நாம் பார்த்துச் செய்வதற்குரியவை அல்ல. நாம் பின்பற்ற வேண்டியது, 1884இல் அந்தச் சனிக்கிழமை மாலை அவர் குருமடத்துக்கு நடந்துபோன நடை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. தம்மைத் திருத்திக்கொண்ட மத்தேயுவால் தம் சகோதரரைத் திருத்த முடியவில்லை. ஒரு புனித வாழ்வுக்கே அது கைகூடவில்லையென்றால், கணவர் குடிப்பதற்குத் தாமே காரணம் என்று இரவெல்லாம் அழும் மனைவியர் அந்தச் சுமையை இறக்கி வைக்கலாம். அது உங்கள் குற்றமன்று.

பத்து ஆண்டுகளும் மூன்று நாட்களும்

மத்தேயு இறந்து பத்தாண்டு ஆகும் வேளையில், 1935 மே மாதத்தில், அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து அக்ரன் நகரில், பில் வில்சன் என்னும் நியூயோர்க் பங்குத் தரகர் ஒரு ஹொட்டேலில் தனியே நின்றார். குடியை விட்டு ஐந்து மாதங்கள். வந்த வியாபாரம் கெட்டுப் போயிருந்தது. ஹொட்டேலின் ஒரு பக்கத்தில் மதுச்சாலையின் கலகலப்பு. மறுபக்கத்தில் தொலைபேசியும் ஊரிலுள்ள கோவில்களின் பட்டியலும். அவர் பட்டியல் பக்கம் போனார். ஒரு போதகரை அழைத்து, தம்மோடு பேச இன்னொரு குடிநோயாளி தேவை என்று கேட்டார். ஒருவர் மூலம் ஒருவராக விசாரித்து, றொபேட் சிமித் என்னும் சத்திர வைத்தியரைச் சென்றடைந்தார். கால் மணி நேரம் மட்டுமே தருவேன் என்றிருந்த வைத்தியர் ஆறு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்து பேசினார். தம்மைப் போலக் குடித்து அழிந்த ஒருவரோடு முகத்துக்கு முகம் பேசியது அவருக்கு அதுவே முதன்முறை.

அந்த வைத்தியர் கடைசியாகக் குடித்த நாளெனக் கொள்ளப்படும் யூன் 10ஆம் நாளே, ஏ.ஏ. என்று சுருக்கி அழைக்கப்படும் 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்', அதாவது பெயர் வெளியிடாத குடிநோயாளர் தோழமை பிறந்த நாள். மத்தேயு இறந்து சரியாகப் பத்து ஆண்டுகளும் மூன்று நாட்களும் ஆகியிருந்தன.

அந்தத் தோழமை கத்தோலிக்க இயக்கமன்று, எந்தச் சமயத்துக்கும் உரியதன்று. ஆயினும் தொடக்கத்திலிருந்தே நம்மவர் அதற்குத் தோள் கொடுத்தனர். 1939 முதல் அக்ரன் புனித தோமையார் மருத்துவமனையில் இக்னேசியா என்னும் அருட்சகோதரி குடிநோயாளரை நோயாளராகவே ஏற்றுச் சேர்த்தார். எட்வேட் டௌலிங் என்னும் இயேசு சபைக் குரு 1940 முதல் வில்சனின் உற்ற நண்பராயிருந்தார். ஐரோப்பாவின் முதல் ஏ.ஏ. குழு தோன்றியது எங்கே? மத்தேயு நடந்து திரிந்த டப்ளின் நகரில், 1946இல். குடிநோயாளரின் குடும்பத்தவருக்கான 'அல்-அனொன்' 1951இல் உருவாயிற்று.

அங்கே என்ன நடக்கிறது?

ஏ.ஏ. கூட்டம் என்றால் ஏதோ விசாரணை மன்றம் என்று அஞ்சவேண்டாம். சிலர் வட்டமாக இருப்பார்கள். ஒருவர் தம் கதையைச் சொல்வார், மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். கட்டணம் இல்லை. முழுப்பெயர் கேட்பதில்லை. அங்கே கேட்டதை வெளியே பேசுவதில்லை. வாழ்நாள் முழுவதும் குடிக்கமாட்டேன் என்று எவரும் சத்தியம் வாங்குவதில்லை, இன்று ஒருநாள் குடிக்காதிருப்பதே பேச்சு. மத்தேயுவின் மூன்று மாத வாக்கும் இதே ஞானம்தான். சில கூட்டங்கள் குடிநோயாளருக்கு மட்டும் உரியவை. சிலவற்றுக்கு எவரும் போகலாம். முதல்முறை மனைவியோ மகனோ கூட வருவதானால், எவரும் வரக்கூடிய கூட்டமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னர் ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகள் நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது ஆபத்தாகலாம். நிறுத்திய முதல் நாளிலேயே கைநடுக்கமும் வியர்வையும் தோன்றலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளளவில் இல்லாததைக் காண்பதும் பிதற்றுவதும் ஏற்படலாம். இதைப் பேய் என்று நினைத்து வீட்டில் கட்டிவைக்காதீர்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநல மருத்துவப் பிரிவுகள் உண்டு. குடியை நிறுத்துமுன்பே அங்கு ஆலோசனை பெறுவது இன்னும் நல்லது. கொழும்புக்குப் போகக்கூடியவர்களுக்கு, சுமித்ரயோ நிறுவனத்தின் 'மெல் மெதுர' என்னும் நிலையம் இப்பணிக்கென்றே உள்ளது.

கூட்டம் எங்கே, எந்த நாளில் என்பது காலத்துக்குக் காலம் மாறும். ஆகையால் வில்சன் செய்ததையே செய்யுங்கள், விசாரியுங்கள். உளநலப் பிரிவின் வைத்தியரிடமோ தாதியரிடமோ கேளுங்கள். பங்குத்தந்தையிடம் கேளுங்கள். குடியை விட்டுச் சில ஆண்டுகள் ஆன ஒருவர் உங்கள் ஊரிலேயே இருப்பார், அவரிடம் கேளுங்கள். முதல் கதவு திறக்காவிட்டால் அடுத்ததைத் தட்டுங்கள்.

அண்மையில் கூட்டமே இல்லையென்றால்? குடியை விட விரும்பும் இருவர் அல்லது மூவர் அதற்காகக் கூடினாலே ஒரு குழு என்பது அத்தோழமையின் வழக்கம். அக்ரனில் தொடங்கியபோதும் இருவரே இருந்தார்கள். தம் பெயரால் இருவர் மூவர் கூடுமிடத்தில் தாம் இருப்பதாக நம் ஆண்டவர் சொன்னதை அறிந்த நமக்கு இது புதிய கணக்கன்று.

பங்குச் சபைகளுக்கு

இறுதியாக, வின்சென்ட் டி போல் சபையாருக்கும் மரியாயின் சேனையாருக்கும் பங்குப் பேரவையினருக்கும் ஒரு வேண்டுகோள். பங்கு மண்டபத்தில் ஓர் அறையை வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். வாசலில் பெயர்ப்பலகை வேண்டாம். யார் வந்தார் யார் போனார் என்று பார்க்க ஆளும் வேண்டாம். பிரசங்கம் செய்யக் குருவும் வேண்டாம். சில கதிரைகளும் ஒரு கேத்தல் தேநீரும் போதும்.

போரினால் வீட்டையும் பிள்ளைகளையும் தொழிலையும் இழந்து, அந்த நோவை மறக்கக் குடிக்கத் தொடங்கியவர்கள் நம்மிடையே பலர். அவர்களை வெறிகாரர் என்று தெருவில் வைத்துச் சிரிப்பது எளிது. டப்ளின் தெருமுனையில் மத்தேயுவை அவருடைய கூட்டாளிகள் கடந்து போனார்கள். குருமடத்துக் கதவோ அந்த மாலையில் அவருக்குத் திறந்திருந்தது. அது மூடியிருந்தால் இன்று அவர் பெயரை எவர் அறிவார்?

வாசகரே, இதை வாசிக்கும் நீங்களே அந்த மனிதராக இருக்கலாம். அல்லது உங்கள் வீட்டிலொருவர் இந்நேரம் திண்ணையில் படுத்திருக்கலாம். நாளை காலை அவருக்குத் தெளிவு வந்ததும் சண்டை பிடிக்காமல், கூட வருகிறேன், வாருங்கள், போய் விசாரிப்போம் என்று மட்டும் சொல்லுங்கள். நீரேரியைக் கடக்க வள்ளம் இருக்கிறது. கரையில் நின்று கேட்பதில் வெட்கமில்லை.

மத்தேயுவைத் தெருமுனையிலிருந்து எழுப்பி நடத்திய இறைவன், நம் வீடுகளில் வீழ்ந்து கிடப்போரையும் எழுப்பி நடத்துவாராக. அவர்களோடு கூட நடக்க நமக்கும் மனம் தருவாராக.